பெரியவளின் மெயில் பெட்டி

அந்த ஆபீசுக்கு வருகிற எந்த மெயிலும் முதலில் பெரியவளின் கண்ணில் பட்டாக வேண்டும். அப்புறம்தான் மாமனாரே பார்ப்பார். லிஃப்ட் உதிரிபாகங்கள் விற்கிற குடும்பத் தொழில் அது. கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். மாமனார்தான் முதலாளி. மூத்த மகன், அதாவது பெரியவளின் கணவன், கிடங்கையும் வேனையும் பார்த்துக்கொண்டான். இளையவன் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் மாட்டிவிட்டு வருவான். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே ஆபீஸ் மேஜை பெரியவளுடையதாகிவிட்டது. இருந்தது ஒரே ஒரு மெயில் கணக்கு, அதுவும் இலவசக் கணக்கு. அதன் பாஸ்வேர்ட் அவள் மனசில் மட்டும் இருந்தது. காலையில் திறப்பாள், படிப்பாள், பிரிண்ட் எடுப்பாள், இது மாமாவுக்கு, இது கிடங்குக்கு, இது குப்பைக்கு என்று பிரித்து வைப்பாள். "ஆஸ்பத்திரிக்காரர் ஏதாவது எழுதினாராம்மா?" என்று மாமனார் கேட்டால் உடனே பதில் சொல்லிவிட மாட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "எழுதியிருக்கார் மாமா" என்பாள். அந்தச் சின்ன இடைவெளியில் அவள் ஒரு ராஜ்ஜியமே நடத்திக்கொண்டிருந்தாள்.

சின்னவள், இளையவனுக்கு வாழ்க்கைப்பட்டவள், கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டோடு இருந்தவரை அவள்மேல் பெரியவளுக்கு ஒரு குறையும் இல்லை. கலகலவென்று பேசுவாள், சொன்ன வேலையைச் செய்வாள், "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே சுற்றுவாள். தங்கை இல்லாத குறை தீர்ந்தது என்றுகூடப் பெரியவள் வெளியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்த இலவசக் கணக்கு ஒருநாள் பூட்டிக்கொண்ட வரைக்கும்தான். பாஸ்வேர்டை எத்தனை தடவை போட்டாலும் 'நீங்கள் யார் என்று நிரூபியுங்கள்' என்றே அது கேட்டது. இத்தனை வருஷம் ஆண்டவளைப் பார்த்து நீ யார் என்றால்! பெரியவள் விசைப்பலகையை ஓங்கி ஓங்கித் தட்டினாள். மாமனார் நடையாய் நடந்தார். சாவி கொடுக்க வந்திருந்த சின்னவள் எட்டிப் பார்த்தாள். அரைமணி நேரம் ஏதேதோ செய்து கணக்கை மீட்டுக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள்.

"ஏன் மாமா, நம்ம ஆபீஸுக்குள்ளயே ஒரு மெயில் சர்வர் வெச்சுக்கலாமே?"

"அப்படின்னா?"

"நமக்கே நமக்குன்னு ஒரு போஸ்ட் ஆபீஸ் மாதிரி மாமா. ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். ஆளுக்கொரு பெட்டி குடுத்துடலாம். இங்கேருந்து கிடங்குக்கு ஒரு வரைபடம் அனுப்பணும்னா உலகத்தைச் சுத்திட்டு வர வேண்டாம். இன்டர்நெட் போனாக்கூட நமக்குள்ள மெயில் ஓடும்."

மாமனாரின் முகம் மலர்ந்தது. பெரியவளின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆளுக்கொரு பெட்டி. யாரோ தன் நாற்காலியைப் பின்னாலிருந்து மெல்ல இழுப்பது போல இருந்தது அவளுக்கு.

"நல்ல யோசனைதான்" என்றாள் சிரித்துக்கொண்டு. சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

அடுத்த வாரம் வேலை தொடங்கியது. கிடங்கின் மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த கம்ப்யூட்டர் ஒன்றைச் சின்னவள் மேலே கொண்டுவரச் சொன்னாள். மாடிப்படி ஓரத்து அலமாரியைக் காலி செய்து, காற்றுப் போகக் கதவில் ஓட்டை போட்டு, அதை உள்ளே வைத்தார்கள். கீழே கிடங்குவரைக்கும் கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. ஏணிமேல் ஏறி அதைச் சுவரோடு சுவராக அடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பெரியவளின் கணவன். வீட்டில் ஓர் ஆணி அடிக்க அவனிடம் மாதக்கணக்கில் கெஞ்ச வேண்டும். இங்கேயோ வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, "இது நேரா இருக்கா, இல்ல இன்னும் கொஞ்சம் தூக்கணுமா?" என்று சின்னவளிடம் கேட்டுக் கேட்டு அடித்தான். மாமனார் தன் கையாலேயே அவளுக்கு ஒரு நாற்காலி தூக்கிவந்து போட்டார். பெரியவளுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. தான் இந்த ஆபீசில் உட்கார்ந்த முதல் நாள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டதுகூட அவளேதான்.

சின்னவள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக அடித்துக்கொண்டே போனாள். நிறுவனத்தின் பெயரிலேயே புது விலாசங்கள். மாமாவுக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, ஆர்டர்களுக்கென்று ஒன்று. நடுவில் தலையைத் திருப்பி, "அக்கா, வாடிக்கைக்காரங்க யாராவது விலாசத்தைத் தப்பா அடிக்கிறவங்க இருக்காங்களா? சொன்னீங்கன்னா அந்தத் தப்பையும் ஒரு பேரா இதுல சேர்த்துடுவேன், தப்பா அடிச்சாலும் சரியான பெட்டிக்கே வந்துடும்" என்று கேட்டாள்.

பெரியவளுக்கு உடனே ஞாபகம் வந்தவர் ஆஸ்பத்திரி இன்ஜினியர். நல்ல மனிதர், ஆனால் எந்த விலாசத்திலும் @ குறிக்கு முந்தின கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். அவர் அனுப்புவது திரும்பிப் போகும். உடனே அவளுக்குப் போன் செய்வார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வாள். "நீங்க இல்லேன்னா என் பாடு திண்டாட்டம்தாம்மா" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவள் அவரைத் திருத்தாமல் விட்டிருந்தாள்.

"அப்படி யாரும் இல்லையே" என்றாள் பெரியவள்.

சொன்னதும் மனசுக்குள் ஒரு குளுமை பரவியது. திரும்பிப் போகட்டும். நாலு மெயில் திரும்பிப் போனால் தெரியும், புதுசு எத்தனை லட்சணம் என்று.

சர்வர் ஓடத் தொடங்கியபோது முதல் மெயிலைச் சின்னவள் மேலேயிருந்து கிடங்குக்கு அனுப்பினாள். கிடங்கில் 'பூட்டு' என்று ஒருவர் இருந்தார். தண்ணீர்க் குடத்தைக்கூடப் பூட்டி வைக்கிற சுபாவத்தால் வந்த பெயர். அவர் கீழேயிருந்து, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கூவினார். என்ன வந்தது என்று மாமனார் மேலேயிருந்து கத்த, "டீ குடிச்சீங்களான்னு கேட்டிருக்காங்க!" என்று அவர் திரும்பக் கத்தினார். "இதை இங்கேருந்தே கத்திக் கேட்டிருக்கலாமே" என்று பெரியவள் முணுமுணுத்தாள். எல்லாரும் கைதட்டிய சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் புது விலாசங்களை அனுப்பிவிட்டு, சின்னவள் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து அவரவர் பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொடுத்தாள். பெரியவளிடம் வந்தபோது பெரியவள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். எதிர்முனையில் யாருமே இல்லை. சின்னவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ விளக்கிவிட்டு, பாஸ்வேர்ட் எழுதிய துண்டுச்சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். "ஆமாங்க, ஆமாங்க" என்று ஆளில்லாத போனுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த பெரியவள், அவள் நகர்ந்ததும் சீட்டை இழுப்பறைக்குள் தள்ளினாள். எல்லாரையும் போல எனக்கும் ஒரு பெட்டியா? எனக்கு வேண்டாம். ஆர்டர் பெட்டியை மட்டும் பார்த்தாள், பில் போட்டாள், தன் பெட்டியின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அதன்பின் அவள் காத்திருந்தாள். இன்று குட்டு உடையும், நாளை உடையும் என்று. ஒன்றும் உடையவில்லை. சர்வர் அலமாரிக்குள் சமர்த்தாக முனகிக்கொண்டிருந்தது. வரைபடங்கள் நொடியில் கிடங்குக்குப் போயின. மாமனார் தன் மெயிலைத் தானே படித்தார். படித்துவிட்டுத் தானே சிரித்தார், தானே திட்டினார். "ஆஸ்பத்திரிக்காரர் எழுதினாராம்மா?" என்ற கேள்வி நின்றே போயிற்று. பெரியவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கேட்க ஆளிருக்காது. ராத்திரி கணவனிடம், "எல்லாரும் அவளைத் தலையில தூக்கி வெச்சு ஆடறீங்க" என்றாள். அவன், "அவ நல்லாத்தானே செய்றா" என்றான். அவனோடு அவள் பேசாமல் இருந்ததை அவன் கவனிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

அப்போதுதான் ஒரு காலையில் மாமனாரின் போன் ஒலித்தது. ஆஸ்பத்திரி இன்ஜினியர். போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. லிஃப்ட் கதவை நகர்த்துகிற ரோலர் உடைந்துவிட்டது, மெயில் அனுப்பி ஒரு வாரம் ஆகிறது, கூடவே நினைவூட்டலும் அனுப்பியாயிற்று, நோயாளிகளை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம், உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டார்.

மாமனார் போனை வைத்தார். காது சிவந்திருந்தது.

"சின்னவளே! இதென்னம்மா உன் சர்வர் மெயிலை முழுங்குது?"

சின்னவள் ஓடிவந்தாள். பெரியவளின் நெஞ்சு ஆனந்தத்தில் படபடத்தது. ஆக, மாட்டிக்கொண்டது! ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. மெயில் திரும்பிப் போயிருந்தால் மனிதர் வழக்கம் போலத் தனக்கல்லவா போன் செய்திருப்பார்? ஏன் செய்யவில்லை?

சின்னவள் சர்வரின் பதிவுகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். அவள் கண் ஒரு கணம் பெரியவளைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பெரியவள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கடைசி எழுத்து விழுங்கப்பட்ட விலாசம். வந்த தேதி. அது எந்தப் பெட்டியில் போடப்பட்டது என்ற வரியில் இருந்தது அவளுடைய சொந்தப் பெயர்.

அப்போதுதான் ஆளில்லாத போனுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த அந்த நாளில் சின்னவள் சொன்னது துண்டு துண்டாகக் காதுக்குள் திரும்பி வந்தது. 'தப்பான விலாசத்துல வர்றதெல்லாம் உங்க பெட்டிக்கு வர்ற மாதிரி வெச்சிருக்கேன்க்கா. யாரோடது எதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்.' எதுவும் திரும்பிப் போகவில்லை. அதனால்தான் இன்ஜினியரும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவள் தலைவைத்துப் படுக்காத பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

இதோ, இப்போது சின்னவள் சொல்லிவிடுவாள் என்று பெரியவள் நினைத்தாள்.

சின்னவள் திரையை அணைத்தாள். "என் தப்புதான் மாமா. நான்தான் சரியா வெக்கல. இனிமே இப்படி ஆகாது."

மாமனார் உறுமினார். "படிச்சு என்ன பிரயோஜனம்? நோயாளிங்களைத் தூக்கிட்டு இறங்கறாங்களாம்!" சின்னவள் தலைகுனிந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

பெரியவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது வேறு. அடடா, என்ன நல்ல மனசு! சர்வரைப் பிடித்தாள், நாற்காலியைப் பிடித்தாள், என் வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றினாள். கடைசியில் பெருந்தன்மையையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளா? நாளைக்கு உண்மை எப்படியும் வெளியே வரும். அப்போது, பெரியவளுக்காகத் திட்டு வாங்கின புண்ணியவதி என்று இந்த வீடே இவளைக் கொண்டாடும். நான் அவள் நிழலில் நின்று ஜென்மம் முழுக்க நன்றி சொல்ல வேண்டும். அதுமட்டும் நடக்காது!

"அவளை ஏன் மாமா திட்டறீங்க?" என்றாள். அவளுக்கே அந்நியமாக, உரக்க வந்தது குரல். "மெயில் ஒழுங்கா வந்திருக்கு. என் பெட்டிக்கு வந்திருக்கு. நான்தான் திறக்கல."

"ஏம்மா திறக்கல?"

"பிடிக்கல. திறக்கல." கொஞ்சம் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். "அவர் விலாசத்தைத் தப்பா அடிப்பார்னு எனக்குத் தெரியும். இவ கேட்டப்ப யாரும் இல்லேன்னு சொல்லிட்டேன்."

மருமகளைத் திட்டி மாமனாருக்குப் பழக்கமில்லை; சற்று முன் சின்னவளைத் திட்டியதே முதல் தடவை. கடைசியில், "முதல்ல ரோலரை அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். அடுத்த சில நாட்கள் பெரியவளிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. அது அவளுக்கு வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தாள்.

ரோலரை அவள் கணவன் வேனில் போட்டுக்கொண்டு பறந்தான். பெரியவள் இன்ஜினியருக்குப் போன் செய்து, தவறு தன்னுடையது என்று சொல்லி, அவர் திட்டியதை முழுக்க வாங்கிக்கொண்டாள். மாலைக்குள் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது.

பிறகு இழுப்பறையைக் குடைந்து சீட்டை எடுத்தாள். சின்னவள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் மேல கோபமாக்கா?"

"கோபம் இல்ல. வயித்தெரிச்சல்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பெரியவளுக்குப் புரியவில்லை. இரண்டுமாக இருந்தது.

"ஆபீஸ்ல உங்களைப் பாத்தா எனக்கும்தான்க்கா வயிறு எரியும்" என்றாள் சின்னவள். "மாமா எது கேட்டாலும் ஒரு நிமிஷம் காக்க வெச்சு பதில் சொல்வீங்களே. எனக்கெல்லாம் கேட்டதும் படபடன்னு வந்துடும்."

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சரி சரி, இந்தப் பெட்டியை எப்படித் திறக்கணும்னு சொல்லு" என்றாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து, வழிதவறி வந்தவற்றையெல்லாம் பிரித்து அனுப்பினார்கள். கடைசி எழுத்தை விழுங்குகிறவர்கள், நடுவில் ஒரு புள்ளியைச் செருகுகிறவர்கள், பெயரையே மாற்றி அடிக்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே அதில் இருந்தது. ஒவ்வொரு தப்பையும் பெரியவள் சொல்லச் சொல்ல, சின்னவள் அதை ஒரு பெயராகச் சர்வரில் சேர்த்தாள்.

விஷயம் தெருவில் பரவியது. எதிர்ப்பக்கத்து அச்சகத்துக்காரர் மனைவியோடு வந்து, எங்களுக்கும் ஒரு சர்வர் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். சின்னவளின் முகம் பிரகாசித்தது.

"அவளுக்கு இங்கேயே தலைக்கு மேல வேலை இருக்கு" என்றாள் பெரியவள் வெடுக்கென்று.

மாமனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மத்தியானம்தானேம்மா, போய்ட்டு வரட்டுமே."

"அப்படின்னா நானும் கூடப் போறேன்."

போனாள். அச்சகத்தில், ஓடுகிற இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு முக்காலியில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அச்சகத்துக்காரரின் மனைவி சின்னவளுக்கு விசிறியைத் திருப்பி வைத்தாள், டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள், தோளைத் தடவி, "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா உன்னை மாதிரித்தான் இருந்திருப்பா" என்று உருகினாள்.

பெரியவள் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.