கன்னத்தில் பதிந்த நீலம்

என் தங்கச்சி பல் டாக்டர். இது தெரியாதவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை, நான் விட்டுவைக்கவில்லை. படித்து முடித்ததும் அவள் முதன்முதலாக அடைத்தது என் கடைவாய்ப் பல்லைத்தான். பன்னிரண்டு வருஷமாக அந்த வெள்ளி அடைப்பு அசையவில்லை. சும்மாவா?

இந்த வருஷம் அதே பக்கம், உள்கன்னத்தில் வலை பின்னியது போல ஒரு வெள்ளைப் படலம். காரம் பட்டால் உயிர் போகும் எரிச்சல். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை அதட்டக்கூட வாய் திறக்க முடியவில்லை. புற்றுநோயோ என்ற பயத்தில் தூக்கமே போய்விட்டது. தங்கச்சி பார்த்தாள், இன்னும் இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். காரணம் பிடிபடவில்லை.

ஒரு மத்தியானம் அவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“அக்கா, நாங்க எல்லாருமே வாய்க்குள்ள விடற கண்ணாடியால கன்னத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாக்கறோம். விட்டா கன்னம் எதுல போய் ஒட்டுதுன்னு ஒருத்தரும் பாக்கல!”

கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் நீலத் தாளை எடுத்து அடைப்பின் ஓரத்தில் தேய்த்தாள். வாயை மூடித் திறக்கச் சொன்னாள். படலத்தின் நட்டநடுவில் நீலம் பதிந்திருந்தது.

அவள் முகம் செத்துவிட்டது. “நான் வச்ச வெள்ளிதான்க்கா உனக்கு ஒத்துக்கல போல.”

“அடி போடி! பன்னெண்டு வருஷம் சும்மா இருந்தது இப்பதான் வேலையைக் காட்டுதாக்கும்!” அவள் அடைப்புக்காக அவளிடமே சண்டைக்குப் போனேன்.

“சில பேருக்கு வருஷக்கணக்கு கழிச்சுத்தான் காட்டும். ஆனா டெஸ்ட் பண்ணாம எதையும் முடிவா சொல்ல மாட்டேன்.”

பெரிய ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணினார்கள். புற்றுநோய் இல்லை, அடைப்பு ஒத்துக்கொள்ளாததால் வந்தது போலத்தான் இருக்கிறது என்றார் பெரிய டாக்டர். சுற்றிலும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள்.

“யார் அடைச்சது?”

“நான்தான் சார். நானே எடுத்துடறேன்.” ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை அவள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எடுத்துவிட்டு, பல் நிறத்தில் வேறு அடைப்பு வைத்தாள். மூன்று மாதம் கழித்து என்னைச் சாய்த்து உட்காரவைத்து விளக்கைத் திருப்பினாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சொல்லித் தொலையேண்டி!”

“சுத்தமா இருக்குக்கா. ஒண்ணுமே இல்ல.” என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

வெளியே காத்திருந்த ஒருவர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். “டாக்டருக்கு என்னாச்சு?”

“அக்காவைக் காப்பாத்திட்டாங்க, அதான்!” என்று கத்தினேன். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.