தெருவெல்லாம் பஞ்சு

எழுபத்தெட்டாம் வருஷம் மெத்தைக்கடை நூருல்லாவுக்குத் தெருவெல்லாம் பஞ்சாகிப்போனது. நம்பித்தான் ஆகவேண்டும். தேரடித் தெருவில் காலை வைத்தால் தார் ரோடு தெரியவில்லை, மெத்துமெத்தென்று அமுங்கியது. அதைக் கேட்டு அவர் மனைவி அஜ்மத் பேகம் விழுந்து விழுந்து சிரித்தாள். "இருபத்தஞ்சு வருஷமா பஞ்சு அடிக்கிறீங்க, பின்ன இன்னா கல்லா தெரியும்?"

அவர் விழ ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது, முகத்தில் தண்ணீர் அடித்துக் கண்ணை மூடுவார், மரம் மாதிரி சாய்வார். கண் திறந்திருந்தால் ஒன்றும் ஆகாது. அல்லாவே தன்னைப் பிடித்துத் தள்ளுகிறான் என்று மனிதர் நொறுங்கிப்போனார்.

டாக்டர் கோதண்டராமன் ரெண்டு காலையும் சேர்த்து நிற்கவைத்து, "கண்ண மூடுங்க பாய்" என்றார். சாய்ந்தவரைத் தாங்கிப் பிடித்தார். காலில் வெட்டி வெட்டி இழுத்த வலிக்கு வாதம் என்று தைலம் தேய்த்தது, வயிற்றுவலிக்கு அல்சர் என்று வயிற்றைக் கிழித்து, ஒன்றுமில்லை என்று திரும்பத் தைத்தது, எல்லாம் கேட்டார். பிறகு மெதுவாக, "சின்ன வயசுல பொம்பள சகவாசத்துல மேகப்புண் வந்துச்சா?"

நூருல்லாவுக்கு நினைவு வந்தது. மெட்ராஸ், துறைமுகம், இருபத்திரண்டு வயசு. ஒரே ஒரு புண். வலிகூட இல்லை, தானாக ஆறியது. அடேயப்பா, அது எங்கே ஆறியது! இருபத்தெட்டு வருஷம் உள்ளேயே உட்கார்ந்து, வாதம் என்று ஒரு வேஷம், அல்சர் என்று ஒரு வேஷம், கடைசியில் பஞ்சு வேஷமும் கட்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

"பென்சிலின் போட்டா இதுக்கு மேல ஜாஸ்தி ஆவாது. மரத்துப்போன கால்ல உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாது. வீட்லயும் ரத்தம் பாக்கணும். நீங்களே சொல்லிடுங்க."

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். கல்யாணமான புதிதில் அஜ்மத் பேகத்துக்கு ரெண்டு பிள்ளைகள் செத்தே பிறந்தன. "உன் வயிறு ராசியில்லாத வயிறு" என்று அவருடைய அம்மா திட்டும்போதெல்லாம் பக்கத்தில் சும்மா நின்றவர் இவர்.

வீட்டுக்கு வந்து அவளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்போ அந்த ரெண்டும்?" என்றாள்.

"என்னாலதான்."

அவள் அழவில்லை. மறுநாள் போய் ரத்தம் கொடுத்தாள், ஊசியும் போட்டுக்கொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுத் தொட்டியடியில் நின்று நூருல்லா முகத்தில் தண்ணீர் அடித்தார். கண் மூடியது, உடம்பு சாய்ந்தது. பின்னாலிருந்து ஒரு கை சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, ஆனாலும் அவர் விழவில்லை. யா அல்லா என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள் அஜ்மத் பேகம். "மூஞ்சியக் கழுவுங்க. புடிச்சிருக்கேன்."