சாந்தி அரைத்த மஞ்சள்

மகள் அகல்யாவின் முகத்தைப் பார்த்த தேவமலர் பதறிப்போனாள். நலங்கு வைத்த அன்று கன்னம் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். இப்போது இரண்டு கண்ணும் வீங்கி மூடி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத முகம். அடுத்த வாரம் கல்யாணம்!

நலங்கு மஞ்சளை அரைத்துத் தந்தவள் மாப்பிள்ளை விமலனின் அம்மா சாந்தி. பிறகென்ன, பழி அவள் தலையில்தான் விழுந்தது. தேவமலர் ஆத்திரத்தில் இரு வீட்டாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டுவிட்டாள்: "தாலி அறுத்தவ அரைச்ச மஞ்சள என் புள்ளைக்குப் பூசுனேன் பாரு, என்னைச் சொல்லணும்! இந்தக் கல்யாணமே வேணாம் லா!"

சொல்லக்கூடிய பேச்சா அது? ஜாசினில் தன் வீட்டில் இருந்த சாந்தியும் அந்த வாய்ஸைக் கேட்டாள்.

மகளைப் பாச்சாங்கில் இருக்கிற தோல் டாக்டரிடம் கூட்டிப் போகும்போது, சாட்சிக்கென்று மஞ்சள் டப்பாவையும் எடுத்துப் போனாள் தேவமலர்.

"வேற என்ன பூசுனீங்க?" என்றார் டாக்டர்.

"அரிப்புக்கு ஸ்டீராய்டு க்ரீம், டாக்டர். பார்மசியில வாங்கி நானே மூனு வேளையும் போடுறேன்."

"எரியுதுன்னு சொன்னேன் டாக்டர்," என்று முனகினாள் அகல்யா. "எரிஞ்சாதான் மருந்து வேலை செய்யுதுன்னு அம்மா இன்னும் அழுத்திப் போட்டாங்க."

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, டாக்டர் அகல்யாவின் முதுகில் மஞ்சளை ஓரிடத்திலும் க்ரீமை ஓரிடத்திலும் வைத்து ஒட்டி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது மஞ்சள் வைத்த தோல் பளிச்சென்று இருந்தது. க்ரீம் வைத்த இடம் கொப்பளித்துக் கிடந்தது.

"மொதல்ல சிவந்தது மஞ்சளத் தேய்ச்சுக் கழுவுனதுல இருக்கும். சும்மா விட்டிருந்தா அடங்கியிருக்கும். அலர்ஜிக்குக் குடுக்குற மருந்தே சில பேருக்கு அலர்ஜியாயிடும்மா. ரொம்ப அபூர்வம்தான்," என்றார் டாக்டர்.

தேவமலர் தன் கையைப் பார்த்தாள். ஐயோ, பூசியதெல்லாம் இந்தக் கைதானே! வாய்ஸை அழிக்கலாம் என்றால் ஊரே கேட்டு முடித்துவிட்டது. நேரே ஜாசினுக்குப் போனாள்.

கதவைத் திறந்த சாந்தியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். புருஷன் செத்ததிலிருந்து மஞ்சளே பூசாதவளின் முகமெல்லாம் மஞ்சள்.

"அரைச்சதுல மிச்சம் இருந்துச்சு சம்பந்தி," என்றாள் சாந்தி. "நீங்க சொன்ன அன்னிலேர்ந்து நானே பூசிப் பாக்குறேன். கெட்டதுன்னா மொதல்ல என் மூஞ்சி வீங்கட்டும்னு."

தேவமலர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "மஞ்சள் இல்ல சம்பந்தி. நான் போட்ட மருந்து. நான்தான்."

"மொதல்ல எந்திரிங்க. புள்ளைக்குக் கண்ணு தொறந்துச்சா, அதைச் சொல்லுங்க."