நாலாம் நம்பர் டிஸ்க்

அந்த ஊரில் நானூற்றுப் பதினோரு ஜோடிகளின் கல்யாணம் ஒரே மேசைக்கு அடியில், ஒன்பது ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்தது. வயரைக் கழற்றினால் புருஷனுக்குப் பெண்டாட்டியைத் தெரியாது, பெண்டாட்டிக்குப் புருஷனைத் தெரியாது. திரும்ப மாட்டினால் தெரியும். இது இந்தக் கதைக்கு ஐந்து வருடங்கள் முன்பு, கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் எடிட்டர் தூசி தட்டுவதற்காக ரெண்டாம் நம்பர் டிஸ்க்கைப் பன்னிரண்டு நிமிடம் கழற்றி வைத்தபோது தெரியவந்தது. சலூன்காரர் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் முடி வெட்ட வேண்டுமா என்று கேட்டார். கணக்கு டீச்சர் தன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்துத் திருடன் திருடன் என்று கத்தினாள். நறுக்குகிறவரோ, தான் யாருக்காக நறுக்குகிறோம் என்று தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். டிஸ்க்கைத் திரும்ப மாட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஏன் இப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மேசைக்கு அடியில் இனிமேல் பெருக்க வேண்டாம் என்று மட்டும் எடிட்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் பெருக்கவில்லை.

எடிட்டரின் கல்யாணமும் அதில்தான் இருந்தது, நாலாம் நம்பரில். தன் பழைய கம்ப்யூட்டர் சாகக் கிடந்தபோது அதில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அப்படியே வாரி நாலில் போட்டு வைத்தவள் அவள். கூடவே நாற்பத்திரண்டு ஜோடிகளும் போய்ச் சேர்ந்தார்கள். புருஷன் டவுன் பஸ் டிரைவர். உயரமானவர், கதவு வாசலில் தலை குனிந்தே பழகியவர். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். கடைசி ஆறு மாதமாக மனிதர் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார், சுவரைப் பார்த்தே பேசினார். துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில், தூரத்து ஊர் பணிமனைக்கு மாறுதல் கேட்கும் விண்ணப்பம் ஒன்று பூர்த்தி செய்யப்படாமல் நாலாக மடிந்து கிடந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததை மடித்த மாதிரியே மடித்து வைத்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை. நானூறு வீட்டுக் கண்ணீரையும் சிரிப்பையும் வெட்டி ஒட்டத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டு விஷயத்தில் எங்கே கை வைப்பதென்று தெரியவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கம்ப்யூட்டர் இருக்கும் முன்னறைக்கு வந்தபோது, உயரமான ஆள் ஒருவர் கையில் ஒரு வயரோடு நின்றுகொண்டிருந்தார். முன்பின் பார்த்த முகமில்லை. அவள் பயப்படவில்லை. வெயிலில் வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவரும் மடமடவென்று குடித்தார். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அங்கே புருஷன்தான் காலி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். கண் அசந்துவிட்டது என்று அவள் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்குக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. கறுப்புத் திரை, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு, அது விட்டு விட்டு மின்னியது. ஒன்பது டிஸ்க்குகளும் விளக்கெரிய முனகிக்கொண்டிருந்தன. அதே நொடியில் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை. "என்ன..." என்றவளுக்கும் அதற்கு மேல் ஓடவில்லை. ஊரெங்கும் இதே கதைதான். மற்றவர்களோடு எல்லோரும் வழக்கம்போல வளவளவென்று பேசினார்கள். தம்பதிகள் தங்களுக்குள் ஆரம்பித்ததை மட்டும் யாராலும் முடிக்க முடியவில்லை. கணக்கு டீச்சர் ஒரு சண்டையின் நடு உச்சத்தில் கையை ஓங்கியபடி நின்று, பள்ளிக்கு நேரமாகவே கையை இறக்கிக்கொண்டு போனாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அதே கதைதான். திங்கள் போய் புதன் வந்தது. எடிட்டருக்கு மூன்று நாளும் தூக்கமில்லை. அந்த மனிதர் சொல்லவந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும், சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறாரே! ஆனால் அது அவர் வாயிலிருந்து வருகிறவரை நடக்கவில்லை என்றும் அவளுக்குத் தோன்றியது. கம்ப்யூட்டர் சரியாகாமலே போனால் என்ன என்றுகூட ஒரு நேரம் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டுப் போனை எடுத்து ரிப்பேர்காரியைக் கூப்பிட்டாள்.

ரிப்பேர்காரியின் கல்யாணம் வெளியூரில், வேறு யாரோ எடுத்த வீடியோவில் இருந்ததால் இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. வந்தாள், குனிந்தாள், மேசைக்கு அடியில் ஐந்து வருடத் தூசியைப் பார்த்துத் தும்மினாள். "எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் கம்ப்யூட்டரை மட்டும் கிளப்பிப் பாக்கணும். அப்புறம் ஒவ்வொண்ணா மாட்டி மாட்டி, அணைச்சு அணைச்சுக் கிளப்பணும். எவன் மறிக்கிறான்னு அப்பதான் தெரியும்" என்றாள். எல்லாவற்றையுமா? ஊரே கூடிப் பேசியது. அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. மறுநாள் அதிகாலையே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அறிவித்தார்கள்: பராமரிப்புப் பணி காரணமாக இன்று காலை பத்து மணி முதல் பதினொன்று வரை கல்யாணமானவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது, யாரும் பதற வேண்டாம், அந்த ஒரு மணி நேரத்தில் வீடு நிலம் விற்க வேண்டாம், கதவை உள்பக்கம் தாழிட வேண்டாம். சிலர் சட்டையில் சீட்டுக் குத்திக்கொண்டார்கள். பல் டாக்டரின் மனைவி அவர் முதுகில், "இவர் என் புருஷன், கோபக்காரர், பசித்தால் மட்டும்" என்று எழுதி ஒட்டினாள். எடிட்டர், "நாலைக் கடைசியில வச்சுக்கோங்க" என்று ரிப்பேர்காரியிடம் சொல்லிவிட்டு, தன் உள்ளங்கையில் பேனாவால் "நாலை விடாதே" என்று எழுதிக்கொண்டாள். தன்னை அறியாத அந்த மனிதர் தன் பாட்டுக்கு எழுந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், பத்தாவதற்கு முன்பே அவர் கையில் டார்ச்சைக் கொடுத்து மேசைக்கு அருகே உட்காரவைத்தாள்.

சரியாகப் பத்துக்கு ஒன்பது வயர்களும் உருவப்பட்டன. கம்ப்யூட்டர் நாற்பது நொடியில் ஜம்மென்று கிளம்பியது! ரிப்பேர்காரி கை தட்டினாள். தட்டியது அவள் ஒருத்திதான். ஊர் கப்சிப்பென்று இருந்தது. பிறகு ஒவ்வொரு டிஸ்க்காக, எல்லா வயர்களையும் சேர்த்துக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஹப்பில் மாட்டினாள். மாட்டுவது, அணைப்பது, கிளப்புவது, விரல் நகத்தைக் கடிப்பது. ஒன்று ஓடியது. தெருக்கோடியில் முதல் வருடக் கல்யாணக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். ரெண்டும் ஓடியது. சலூனிலிருந்து விசில். "மூணு வந்துடுச்சு!" என்று மாடிக்கு மாடி சேதி பறந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று வர வர, ஜன்னல்களில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வதும், உடனே பாதியில் நின்ற சண்டையைத் தொடர்வதும் நடந்தது. கணக்கு டீச்சர் ஓங்கிய கை திங்கட்கிழமையிலிருந்து காத்திருந்து, ரெண்டு வந்தபோதே வியாழக்கிழமை மேசையில் இறங்கிவிட்டிருந்தது. எட்டு, ஒன்பது. வேடிக்கை பார்க்க எடிட்டரின் ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது.

இந்த நேரமெல்லாம் எடிட்டர் தன் மேசைக்கு அருகே டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த உயரமான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரென்று தெரியவில்லை. ஆனால் டார்ச்சை ரிப்பேர்காரி கேட்பதற்கு முன்பே சரியான இடத்தில் காட்டினார். காதுகள் கொஞ்சம் பெரியவை, பார்க்க நன்றாக இருந்தன.

"உங்க வீடா இது? நல்ல வெளிச்சமான ரூம்," என்றார் அவர்.

"ஆமாங்க. காலைலதான் இந்த வெயில் வரும். நீங்க கரன்ட் ஆபீஸா?"

"இல்லங்க, பஸ் ஓட்டுறேன். இங்க எதுக்கு வந்தேன்னுதான் தெரியல."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

ரிப்பேர்காரி நாலை மட்டும் பழையபடி நேராகக் கம்ப்யூட்டரிலேயே மாட்டிக் கிளப்பினாள். கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு. எடிட்டரும் அந்த ஆளும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு வாய் திறந்து, அப்படியே நின்றார்கள். "மாட்டினான் ஆளு!" என்று துள்ளினாள். நாலுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் முழுசாக உயிரோடு கிடக்கிறது, இந்த வயர் மட்டும் ஹப்பில் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்தது, அதனால் புதுசு கிளம்பும்போது பழசைக் கொண்டு கிளம்பப் பார்த்துத் திகைத்து நின்றுவிடுகிறது என்று விளக்கினாள். கழற்றினாள். எடிட்டருக்கு எதிரே இருந்தவர் மறுபடி யாரோ ஆனார், கம்ப்யூட்டர் நாற்பது நொடியில் கிளம்பியது. வயர் நுனியை எடிட்டரின் கையில் கொடுத்து, "இப்ப ஓடுது. இனி இதை மாட்டுறதும் வெளிய வைக்கிறதும் உங்க இஷ்டம்" என்றாள்.

எடிட்டர் உள்ளங்கையைப் பார்த்தாள். நாலை விடாதே. தன் கையெழுத்துதான். யாருக்கு, எதற்கு எழுதினோம் என்று ஞாபகமில்லை. விடாவிட்டால் என்னென்ன திரும்பி வரும் என்றும் தெரியவில்லை. இந்தக் காலை வெயிலும், எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த ஆளும், இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் நல்லது என்றிருந்தது.

"மாட்டவாங்க?" என்று அவரிடமே கேட்டாள்.

"மாட்டினா என்ன ஆகும்?"

"தெரியலைங்க."

"அப்ப மாட்டுங்க, பாத்துடுவோம்."

மாட்டினாள். கம்ப்யூட்டர் ஏற்கெனவே கிளம்பி ஓடிக்கொண்டிருந்ததால் திரை கறுக்கவில்லை, நாலாம் விளக்கு நீலமாக எரிந்தது, வெளியே நாற்பத்திரண்டு ஜோடிகளின் கூச்சல் தெருவைத் தூக்கியது. டிரைவர் டார்ச்சை அணைக்காமலே திங்கட்கிழமை வாக்கியத்தைத் தொடர்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வயரை மாத்திச் செருகினது நான்தான். மாறுதல் ஃபாரம் ஒண்ணு ஆறு மாசமா பையில வச்சிருக்கேன். போறதா வேணாமான்னு தெரியல. நம்ம கல்யாண வீடியோவ ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு நினைச்சேன். ஹப்ல விட்டு விட்டு ஓடுச்சு, அதான் கழட்டினேன்."

"பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"எங்க பாக்கறது? கழட்டினதுமே எதுக்குக் கழட்டினேன்னு மறந்துபோச்சு. முன்னாடி ஒருத்தங்க வந்து, தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க. யாருன்னே தெரியல. ஆனா அவங்க கேட்ட விதம் இருக்கு பாரு... குடிச்சு முடிச்சதும், கையில வயர் இருக்கு, எதிர்ல ஓட்டை இருக்கு, செருகிட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுது அது நீதான்னு."

ரிப்பேர்காரி தன் பையை மூடிக்கொண்டே, நாலை ஹப்பிலேயே மாட்டிவிட்டால் பிரச்சினையே வராது, ஹப் சாவகாசமாக விழிப்பதற்குள் கம்ப்யூட்டர் கிளம்பிவிடும் என்று சொன்னாள். எடிட்டர் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் சுவரைப் பார்க்கவில்லை. "இருக்கட்டும், இப்படியே இருக்கட்டும்," என்றாள் அவள். நாலாம் நம்பர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முப்பத்தொரு ஜோடிகள் சரி என்றார்கள். மீதிப் பதினோரு ஜோடிகள் தங்கள் கல்யாணத்தை ஏழாம் நம்பருக்கு மாற்றித் தரச் சொன்னார்கள், அன்று மத்தியானமே மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. மாறுதல் விண்ணப்பம் டம்ளர் வைக்கும் அட்டையாகக் கொஞ்ச நாள் மேசையில் கிடந்து, ஈரத்தில் ஊறிக் கிழிந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் நாலைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்புகிறாள். நாலு நிமிடம் கழித்து, உள்ளங்கையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுகிறாள். அந்த நாலு நிமிடம் ஊரில் முப்பத்திரண்டு வீடுகளில் யாருக்கும் யாரையும் தெரிவதில்லை. பால் வண்டிக்காரர் அந்த வீடுகளுக்கு ஒன்பது ஐந்துக்கு மேல்தான் போகிறார். எட்டு வருடமாகிறது. அந்த வீட்டு முன்னறையில் கையில் ஒன்றுமில்லாமல் ஓர் உயரமான ஆள் நிற்கிறார், ஒரு பெண் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கிறாள். இதுவரை ஒருநாள்கூட அவர் வேண்டாமென்று சொன்னதில்லை.