நிற்காத லாரி

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: டிரைவர், மெக்கானிக் நட்டு, வயர்லெஸ் பார்க்கும் குயில், தலைமையகத்து அதிகாரி. லாரியையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றான் நட்டு. யாரும் மறுக்கவில்லை.

நாட்டின் கொள்கை இதுதான். எதிரி முதலில் அடித்தாலும் திருப்பி அடிக்க நம்மிடம் கொஞ்சம் ஆயுதம் மிஞ்ச வேண்டும். மிஞ்சும் என்று தெரிந்தால் அவன் அடிக்கவே யோசிப்பான். எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியக் கூடாது. அதற்காக ஒரே மாதிரி லாரிகள் ஓயாமல் ஓடின. சிலவற்றின் பெட்டியில் அணு ஏவுகணை, மற்றவற்றில் அதே எடைக்குக் கான்கிரீட். எதில் எது என்று ஓட்டுகிறவனுக்கும் தெரியாது.

டிரைவர் தன் வாலிபத்தை அந்த ஸ்டியரிங்கில்தான் தேய்த்தார். வயர்லெஸ் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் குயில் பாடுவாள். சுருதி சேராது. மழையில் வைப்பர் மக்கர் பண்ணினால் நட்டு ஜன்னல் வழியே பாதி உடம்பை நீட்டி அதை ஒரு குத்து விடுவான். சீட்டுக்குப் பின்னால் ஒற்றைப் படுக்கை, முறை வைத்துத் தூக்கம். நட்டுவின் குறட்டை இன்ஜினைத் தோற்கடிக்கும். நல்ல காலம். டிரைவருக்கு அதில் சந்தேகமே இல்லை, ஒரு நாளைத் தவிர.

அன்று அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்தாள். லாரி அந்த வாசலைத் தாண்டித்தான் போனது. எதற்கும் நிறுத்தக் கூடாது என்பது உத்தரவு. வாசலில் மைத்துனன் நின்றிருந்தான். போகிற லாரியில் யார் என்று அவனுக்குத் தெரியாது. டிரைவர் கியரை மாற்றினார்.

இப்போது அவருக்கு ஓய்வு. லாரியை உடைக்கப் போகிறார்கள். நட்டுவும் குயிலும் வேறு லாரிக்குப் போகிறார்கள். பெட்டி பக்கத்து அறையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

"ஓய்வு பெறுறவங்க ஆசைப்பட்டா உள்ள போய்ப் பார்க்கலாம்" என்றார் அதிகாரி. "பார்த்தவங்க அதுக்கப்புறம் ஓட்டறவங்களோட பேசக் கூடாது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க. அந்தப் பக்க வாசல் வழியா அப்படியே வீட்டுக்கு."

"போன்?"

"கிடையாது."

"நல்லது கெட்டது?"

"எதுவும் கிடையாது."

"கான்கிரீட்டுதான் அண்ணே" என்றான் நட்டு. "பிரேக் பிடிக்கறப்பவே தெரியலையா? வாங்க, டீ ஆறுது."

"நீ சரிபண்ண பிரேக்கை வச்சுக் குண்டைக் கண்டுபிடிக்கணுமாடா?"

குயில் சிரிக்கவில்லை. "கான்கிரீட்டா இருந்தா என்ன பண்ணுவீங்க? அண்ணி திரும்பி வந்துடுவாங்களா?"

"வரமாட்டா. எதுக்காக நிக்காம போனேன்னு எனக்குத் தெரியணும்."

"எதுவா இருந்தாலும் நீங்க நிறுத்தியிருக்கக் கூடாதுண்ணே" என்றான் நட்டு. "கான்கிரீட் லாரி மட்டும் நின்னா, நிக்காததுதான் நிஜம்னு எதிரிக்குத் தெரிஞ்சிடும்ல."

"தெரியும்டா. இருந்தாலும்."

"பிடிவாதம் பிடிச்ச ஆளு" என்று குயில் டீயை நீட்டினாள். அவர் நின்றபடியே குடித்தார். சர்க்கரை போதவில்லை என்றார். நட்டுவின் பின்மண்டையில் ஒரு தட்டு தட்டினார்.

அதிகாரி இரும்புக் கதவைத் திறந்தார். டிரைவர் உள்ளே போனார். அவர் முகம் திரும்புவதற்குள் அதிகாரி கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.