இருபத்திரண்டு வீடுகளும் ஒரு கேள்வியும்

1

சுகிர்தா காட்டிய ஒரு பழைய படிவத்திலிருந்து இந்தக் கதை வந்தது. ஒரே கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டிலும் டிக் அடித்திருந்த படிவம். தொடங்கிப் பார்த்தேன்: ‘தாமிரபரணி அன்று அமைதியாக ஓடி…’ வேண்டாம். முந்தின ஐப்பசியில் ஊருக்குள் புகுந்த ஆற்றை அமைதி என்று சொல்ல வாய் வரவில்லை.

2

1993, பங்குனி. ஏரலுக்குப் பக்கம் ஓர் ஆற்றங்கரைத் தெரு. வெள்ளத்துக்குப் பின் மக்கள் மனநிலையைக் கணக்கெடுக்க வந்த ஆராய்ச்சி மாணவி சுகிர்தா, இருபத்திரண்டு வீடுகளை முடித்துவிட்டு அன்னத்தாய் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

“ஆத்தைப் பாத்தா இப்ப பயமா இருக்கா?”

வாழைநார் கிழித்துக்கொண்டிருந்த அன்னத்தாய் நிமிர்ந்தாள். “பயமில்லாமலா? மோட்டுவளை வரைக்கும் தண்ணி வந்துச்சே. ஆமா, இத எதுக்குக் கேக்கிய?”

(கேட்பவள் தன் மனசைக் காட்டக் கூடாது, காட்டினால் பதில் சாயும். சுகிர்தா படித்த பாடம் அது.)

ஆனால் பாதிப் பேருக்கு மேல் பயம் என்று சொன்னால், தெருவையே ஆற்றுக்கு எட்டாத செம்மணல் தேரிக்காட்டுக்கு மாற்றச் சொல்லி அறிக்கை போகும். அது அன்னத்தாய்க்குத் தெரியாது. பொய்யும் சொல்லாமல் மெய்யும் சொல்லாமல்… இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. கேள்வி எதற்கென்று சுகிர்தா சொல்லிவிட்டாள்.

அன்னத்தாயின் கை நின்றது.

“எம் மவன் குடிச்சிட்டு வந்தா அவனைப் பாத்தும் பயந்தான். அதுக்காவ அவனை விட்டுட்டா போனேன்? ரெண்டுலயும் போடுங்க.”

3

சுகிர்தாவின் ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் கோபாலசுப்பிரமணியனைக் கல்நெஞ்சராக எழுதினால் கதை சுளுவாக முடிந்துவிடும். ஆனால் சுகிர்தா காய்ச்சலில் கிடந்தபோது விடுதிக்கு பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்.

படிவத்தைப் பார்த்துவிட்டு, “நாம அளக்கறவாம்மா, ஒரு பக்கமாத் தள்றவா இல்லை,” என்றார். “நாளைக்கு வேற ஆசை இருக்கிற ஒருத்தன், இதே மாதிரி சொல்லிக் கேட்டா?”

(கதையிலிருந்து அவருடைய கேள்வியை வெட்டிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.)

“எனக்குத் தெரியலை சார். ஆனா அந்த இருபத்திரண்டு வீட்டுக்காரங்களும் எதுக்குன்னு தெரியாமலே பதில் சொல்லிட்டாங்க. அதுதான் மனசை அறுக்குது.”

4

திரும்பிப் போனாள். வாசல் வாசலாக நின்று, கேள்வி எதற்கென்று சொன்னாள். ஒரு வீட்டு வாசலில் எலியேசர் கத்தினார்: “மொதல்லயே சொல்லுததுக்கு என்னம்மா?” தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். பயம் என்று சொல்லியிருந்த பதினொரு பேர் பதிலை மாற்றினார்கள்.

ஷரீபா பீவி மாற்றவில்லை. “நான் தேரிக்கே போறேம்மா. ரெண்டு பேரை அந்த ஆத்துக்குக் கொடுத்தாச்சு.”

சுகிர்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

முதல் எண்ணிக்கை, இரண்டாம் எண்ணிக்கை, நடுவில் நடந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதினாள். பேராசிரியர் இரண்டு நாள் வைத்திருந்து, ஒரு வரிகூட அடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

5

தெரு அங்கேயே நின்றது என்று ஒரு முடிவு எழுதினேன். தேரியில் புது வீடுகள் என்று இன்னொன்று. இரண்டிலும் என் ஆசைதான் தெரிந்தது. அன்னத்தாய் பக்கம் சாய்ந்தால், ஷரீபா பீவி இன்னொரு மழைக்காலம் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்க வேண்டும்.

அறிக்கை இப்போது உங்கள் மடியில். முடிவை எழுதுமுன் அந்த இரண்டு வீட்டுக்கும் போய்வாருங்கள். கருப்பட்டிக் காப்பி தருவார்கள். இரண்டு வீட்டிலும் குடியுங்கள்.