சிவப்பு வளையல்காரி

பாடையைத் தூக்கித் தோளில் வைத்ததும் காக்கைகள் தொடங்கிவிட்டன.

முதலில் ஒன்றுதான் கத்தியது, தெருமுனைப் புங்க மரத்திலிருந்து. அடுத்து வேப்ப மரத்தில் இரண்டு. மேளக்காரர்கள் நாலு அடி அடிப்பதற்குள் ஏரிக்கரைப் பக்கமிருந்து கூட்டமாக வந்து பாடைக்கு மேலே சுற்ற ஆரம்பித்தன. சாவு வீட்டில் காக்கை கத்துவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் இவை தாழ்ந்து தாழ்ந்து வந்தன. ஒன்று மாலையை உரசிக்கொண்டு போனது. முன்னால் தூக்கியவன் பயந்து குனிய, பாடை ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேளம் நின்றுபோனது.

"வெரட்டுங்கடா அதுங்கள!" என்று கத்தினார் தசரதன், செத்தவரின் மைத்துனர். இரண்டு பேர் கல் எடுத்து வீசினார்கள். காக்கைகள் விலகி, முன்னைவிடக் கோபமாகத் திரும்பி வந்தன.

"பொணத்தக்கூட வுடாது போல கீதே," என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். "அன்னிக்கி தலையில அடிச்சப்பவே தெரியும்டியம்மா. சும்மா அடிக்குமா?"

அம்சவல்லி வாசற்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வடக்குப்பட்டு ஊர் முழுக்கத் தலையை அண்ணாந்து மிரண்டு நின்ற அந்த நேரத்தில், நடப்பது என்னவென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். காக்கைகள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன.

அவள் மெட்ராஸில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். குயில் எப்படிக் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறது, காக்கை எப்படி ஏமாந்து அதை வளர்க்கிறது என்பதுதான் விஷயம். அதற்கு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. அவள் ஊர் ஏரிக்கரையிலேயே மரத்துக்கு ஒரு கூடு இருந்தது. யாராவது மரத்தில் ஏறி, முட்டைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா கன்னியப்பன்தான் ஏறினார். தலையில் ஒரு முடி இல்லாத, மீசையும் வைக்காத, மழமழவென்ற மனிதர். ஐம்பதைத் தாண்டியும் மரம் ஏறுவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

"மொகத்த துணியால கட்டிக்கினு ஏறுப்பா," என்று அம்சா சொல்லத்தான் செய்தாள். காக்கை ஆளை மறக்காது, கூட்டில் கைவைத்தவனை விடாது என்று புரொபசர் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

கன்னியப்பன் சிரித்துவிட்டார். "நல்ல கத போ. மொகத்த மூடிக்கினு மரத்து மேல குந்திக்கினு இருந்தா, கீழ நீ பைனாகுலர வெச்சிக்கினு நின்னா, ரெண்டு பேரையும் போலீஸ் ஜீப்புல ஏத்திக்கினு பூடுவான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பொதுக்கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி மாடு ஓட்டிக்கொண்டு போகிறவனைக்கூட போலீஸ் நிறுத்திப் பெயர் கேட்டது. முகத்தை மூடியவன் கதி என்னவாகும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பா திறந்த முகத்தோடுதான் ஏறினார்.

அதற்கப்புறம் அவரால் தெருவில் நடக்க முடியவில்லை. டீக்கடைக்குப் போனால் மரத்துக்கு மரம் தகவல் போனது. சட்டையை மாற்றிப் பார்த்தார், குடை பிடித்துப் பார்த்தார். குடையைச் சாய்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டன. அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "மந்திரி வந்தாகூட இப்படி வரவேற்பு கெடையாதுடி," என்பார். எல்லாவற்றிலும் மோசமானது ஏரிக்கரை மருத மரத்துப் பெட்டை. வலை வைத்துப் பிடித்து, அடையாளத்துக்கு அதன் காலில் சிவப்பு பிளாஸ்டிக் வளையம் போட்டவரே அவர்தான். அதற்கு 'வளையல்காரி' என்று பெயரும் வைத்தார். அதன் கூட்டில் ஒரு குயில் குஞ்சு வளர்ந்துகொண்டிருந்தது.

"ஏன்டி அம்சா, எம் மூஞ்சிய இத்தினி ஞாபகம் வெச்சிருக்குதே, கூட்டுல வளர்றது தம் புள்ள இல்லன்னு தெரியலியே இதுக்கு?"

"அதத்தாம்பா நானும் படிக்கிறேன்," என்றாள் அவள்.

போன வாரம் வளையல்காரி அவர் உச்சந்தலையில் கொத்தியது. காயம் சின்னதுதான். ஆனால் காக்கை தலையில் அடித்தால் ஆள் தங்க மாட்டான் என்று தெரு முழுக்கப் பேச்சு. அம்மா சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். நேற்றுக் காலை கழனியிலிருந்து வந்தவர், கூழ் குடிக்க உட்கார்ந்து, மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தண்டலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர். தெருவுக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

இப்போது பாடை நட்ட நடுத் தெருவில் நின்றது. தம்பி நரசிம்மன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். தூக்கியவர்களின் தோள் நடுங்குவது அம்சாவுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

அம்மாவை விட்டுவிட்டு அவள் ஓடினாள். ஆண்களை விலக்கிக்கொண்டு போய், அப்பாவின் மேல் போர்த்தியிருந்த கோடித் துணியை இழுத்து முகத்தை மூடினாள்.

"மொகத்த மூடாதடீ!" அம்மாவின் குரல் பின்னாலிருந்து அலறியது. "தெருக்கோடியில ஒருதபா பாத்துக்கறேன்டீ... மூடாதடீ!"

தெருமுனை வரைக்கும்தான் பெண்கள் வரலாம். அங்கே பாடையை இறக்கி, கடைசியாக ஒருமுறை முகம் காட்டிவிட்டுத்தான் சுடுகாட்டுக்குத் தூக்குவார்கள். அது அம்மா தாயாரம்மாளுக்கு இருந்த ஒரே உரிமை. அம்சா துணியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

காக்கைகள் ஒவ்வொன்றாக அடங்கின. சுற்றிக்கொண்டிருந்தவை மரங்களில் போய் உட்கார்ந்தன. கடைசியாகப் புங்க மரத்தில் ஒன்று இரண்டு தரம் கத்திப் பார்த்துவிட்டு நிறுத்தியது. அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது. அவ்வளவு நேரம் அவை யாரைத் தேடி வந்தன என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"தூக்குங்கடா, சீக்கிரம்," என்றார் தசரதன் தாழ்ந்த குரலில். மேளம் இல்லாமலேயே பாடை போனது. தெருமுனையிலும் இறக்கவில்லை.

அம்மா அம்சாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "மூடுனா நிக்கும்னு ஒனக்கு எப்படிடீ தெரிஞ்சிது?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மகளோடு பேசவில்லை.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. அப்பாவுக்குப் பிடித்த காராமணிக் குழம்பு, முருங்கைக் கீரை, வடை என்று சமைத்து, தலைவாழை இலையில் படைத்து, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துப் பின்கட்டு மதில்மேல் இலை போட்டு வைத்தார்கள். காக்கை எடுத்தால்தான் மற்றவர்களுக்குச் சோறு.

தாயாரம்மாள் சர்க்கரை நோய்க்காரி. முந்தாநாள் காலையிலிருந்து மாத்திரை இல்லை, பல்லில் தண்ணீர் படவில்லை. பின்கட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. தசரதன் சொம்பை நீட்டியதற்கு, "அவுரு வந்து சாப்புடட்டும். வரலன்னா நானும் அவுருகூடவே போறேன்," என்றாள். மிரட்டலாக இல்லை; முடிவு செய்துவிட்டவள்போலச் சாதாரணமாகச் சொன்னாள். அம்மா சொன்னால் செய்கிறவள்.

நரசிம்மன் மதிலருகே நின்று, "கா... கா..." என்று கூப்பிட்டான். மறைமலைநகர்க் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவன். இந்த மாதிரிக் காரியமெல்லாம் அவனுக்குப் புதிது. குரல் உடைந்தது.

வேம்பில் இருந்த காக்கை அவனைப் பார்த்தது. பார்த்ததும் கத்திக்கொண்டு எழும்பியது. அடுத்த மரத்திலிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் நேற்றைப் போலவே பின்கட்டுக்கு மேலே வட்டமடித்தன. ஒன்றுகூட இலைப்பக்கம் வரவில்லை.

"இன்னா கொறைய வெச்சிட்டுப் போனாருடா ஒங்கப்பா?" என்றார் தசரதன். மாமா நெற்றியில் வேர்த்திருந்தது. "படையல வேண்டாங்குறாரே!"

அம்மாவின் தலை தூணிலிருந்து மெல்லச் சரிந்தது. கண்ணை மட்டும் மூடாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்சா காக்கைகளைப் பார்த்தாள். பாடை போய்விட்டது, முகமும் சாம்பலாகிவிட்டது. பிறகு எதைப் பார்த்துக் கத்துகின்றன? பார்வையைக் கீழே இறக்கி, மதிலருகே நின்ற தம்பியைப் பார்த்தாள்.

கொள்ளி வைக்கிறவன் என்று நேற்று சுடுகாட்டில் அவனுக்கு மொட்டை அடித்து மீசையையும் எடுத்திருந்தார்கள். அழுகையில் யாரும் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை. மழமழவென்ற தலையோடு, மீசையில்லாத வாயோடு, அப்பாவை உரித்து வைத்ததுபோல அங்கே நின்று அவன் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நரசிம்மா," என்றாள் மெதுவாக. "நீ உள்ள போ."

"இன்னாத்துக்கு? கொள்ளி வெச்சவன் நான். நாந்தான கூப்புடணும்?"

"ஒன் மொகம்தான்டா. அதுங்களுக்கு நீதான் அப்பா."

அவனுக்குப் புரிய நேரமானது. தலையைத் தடவிக்கொண்டான். மேலே பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "அப்ப நேத்து...?"

"ஆமா."

"நீதானக்கா அவுர ஏறச் சொன்ன?" அதில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மறைத்துப் போட்டுக்கொண்டு, கதவோரம் போய் நின்றான். உள்ளே போக மனமில்லை. அப்பாவுக்கு வைத்த சோறு போவதைப் பார்க்காமல் போக அவனால் முடியவில்லை.

அம்சா மதிலருகே போனாள். பெண் கூப்பிடுவதா என்று மாமா வாயைத் திறந்து, தன் அக்காள் தாயாரம்மாள் கிடந்த நிலையைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"கா... கா..."

சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காக்கை மதிலின் அந்தக் கோடியில் இறங்கி, பக்கவாட்டில் தத்தித் தத்தி இலைக்கு வந்தது. அதன் காலில் சிவப்பு வளையம் இருந்தது.

"வந்திருச்சா?" என்றாள் அம்மா. நேற்றைக்கப்புறம் மகளிடம் பேசிய முதல் பேச்சு. பார்வை மங்கியிருந்தது. "எதுடீ வந்திருக்குது?"

"காக்காம்மா."

"கால்ல வளையல் கீதா?"

பொய் சொல்லலாம் என்று அம்சா நினைத்தாள். "கீதும்மா," என்றாள்.

காக்கை வடையை ஒதுக்கிவிட்டு, குழம்பு பட்ட சோற்றைக் கொத்தியது.

"திங்கட்டும்," என்றாள் அம்மா. "அவகிட்டதான் அவுருக்குக் கடைசியா சண்ட. சண்ட தீர்ந்துபோச்சின்னு நெனச்சிக்கறேன். இன்னும் ஒரு புடி வையி."

அம்சா சோற்றை உருட்டி வைத்தாள். தசரதன் சொம்பை எடுத்து அக்காளின் வாயருகே கொண்டுபோனார். தாயாரம்மாள் தண்ணீரை விழுங்குவது அந்த அமைதியில் கேட்டது. மாத்திரையும் போட்டுக்கொண்டாள். அம்சாவுக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

சொம்பை வைத்துவிட்டு நிமிர்ந்த அம்மா கதவோரத்தைப் பார்த்தாள். துணியால் முகம் மூடிய உருவம் ஒன்று அசையாமல் நின்றது.

"யார்ரா அது? எடுடா அத!" குரல் நடுங்கியது. "நேத்து மூடுனது பத்தாதா? மொகத்த மூடாதடா."

"வாணாம்டா," என்று அம்சா சொல்வதற்குள் நரசிம்மன் துண்டை எடுத்துவிட்டான்.

வளையல்காரி தலையைத் தூக்கியது. வாய் நிறையச் சோறு. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது. கத்தவில்லை. கத்தினால் சோறு விழுந்துவிடும். அப்படியே எழும்பி வேப்ப மரத்துக்குப் போனது. அங்கே கிளையில் ஒரு குஞ்சு சிறகை நடுக்கிக்கொண்டு காத்திருந்தது. உடம்பெல்லாம் வரியும் புள்ளியுமாக, காக்கைக்குச் சம்பந்தமே இல்லாத குஞ்சு. அதன் தொண்டைக்குள் மூக்கை விட்டு வளையல்காரி ஊட்டியது.

"யாருக்குடீ குடுக்குது?" என்று அம்மா கேட்டாள்.

"அதோட புள்ளைக்கும்மா."

"குடுக்கட்டும். நல்லா இருக்கட்டும்." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "சாப்புட்டாரு. நீங்களும் எல போட்டு ஒக்காருங்க."

அம்சா மரத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. காக்கை வருஷக்கணக்கில் வாழும். பார்த்த முகத்தைத் தன் கூட்டத்துக்கும் சொல்லிக்கொடுக்கும். தம்பிக்கு முடி வளர எவ்வளவு நாளாகும், வளர்ந்தால் மட்டும் அவை மறந்துவிடுமா என்று எந்த புரொபசரிடமும் அவள் கேட்டதில்லை.

குஞ்சுக்கு ஊட்டி முடித்தது வளையல்காரி. மூக்கைக் கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பியது.

அம்சா நகர்ந்து போய், தம்பியின் முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.